1965–66 ஃபோர்டு மஸ்டாங்: துருப்பிடித்த வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரும் முழு வழிகாட்டி

பழைய அமெரிக்கக் கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்குபவர்களில் பலர் முதல் மாதத்திலேயே அதை நட்டு நட்டாகக் கழற்றி கராஜ் முழுக்கப் பரப்பிவிடுகிறார்கள். சில வருஷம் கழித்து அதே வண்டி, "பாதி வேலை முடிந்தது, மீதிப் பாகங்கள் எல்லாம் அட்டைப்பெட்டியில் உள்ளன" என்ற விளம்பரத்தோடு அடிமாட்டு விலைக்கு வரும். வாங்குபவருக்கு எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. விற்பவருக்கே தெரியாது.

அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை ஒரே ஒரு விதியை வைத்து அமைந்தது: ஒரு கட்ட வேலை முடிந்ததும் வண்டி மறுபடி தன் நான்கு சக்கரத்தில் நிற்க வேண்டும், உருள வேண்டும். முதலில் பிரேக், பிறகு தகரம், பிறகு எஞ்சின், கடைசியில்தான் பெயிண்ட். கண்காட்சியில் பரிசு வாங்கும் வண்டிக்கு இந்த வரிசை பொருந்தாது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஓட்டப்போகும் வண்டிக்குப் பொருந்தும்.

உதாரணத்துக்கு முதல் தலைமுறை மஸ்டாங்கை எடுத்துக்கொள்கிறேன். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் 2,368 டாலர் அடிப்படை விலையில் அறிமுகமான வண்டி. 1966 மாடல் ஆண்டு முடிவதற்குள் 12 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அடியில் இருப்பது ஃபோர்டு ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் அமைப்புதான். இவ்வளவு எண்ணிக்கையில் விற்றதால் இன்றைக்கும் கதவுக் கைப்பிடி முதல் முழு உடற்கூடு வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள். முதல்முறை இந்த வேலையில் இறங்குபவருக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது என்பது என் கருத்து.

படி 1: எண்களைப் படியுங்கள்

பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது. ஓட்டுநர் பக்கக் கதவின் பின் விளிம்பில் ஒரு சிறிய உலோகத் தகடு இருக்கும். வண்டி எண், உடல் வகை, நிறம், உட்புறத் துணி, பின் ஆக்சில், கியர்பாக்ஸ் எல்லாம் அதில் குறியீடாக இருக்கும். கதவை மாற்றிவிட்டால் தகடும் போய்விடும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. பானட்டைத் திறந்து, ஓட்டுநர் பக்க மட்கார்டின் உள்விளிம்பைப் பாருங்கள். அங்கே உள் தகரத்தில் அதே எண் நேரடியாக அச்சடிக்கப்பட்டிருக்கும். அது தெரிவதற்காகவே மட்கார்டின் விளிம்பைக் கொஞ்சம் வெட்டி விட்டிருப்பார்கள். இந்த எண், கதவுத் தகடு, ஆர்.சி. போன்ற உரிமைப் பத்திரம் மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

எண்ணின் முதல் இலக்கம் மாடல் ஆண்டு: 5 என்றால் 1965, 6 என்றால் 1966. அடுத்த எழுத்து தொழிற்சாலை: எஃப் என்றால் டியர்பார்ன், ஆர் என்றால் சான் ஹோசே, டி (T) என்றால் நியூ ஜெர்சியின் மெட்டச்சன். அடுத்து 07 சாதாரணக் கூரை, 08 மடிக்கும் கூரை, 09 சரிந்த பின்புறம் கொண்ட ஃபாஸ்ட்பேக். அதற்கடுத்த எழுத்துதான் விலையைத் தீர்மானிப்பது. டி (T) என்றால் 200 கன அங்குல 6 சிலிண்டர். சி என்றால் 289 வி8, 200 குதிரைத்திறன். ஏ என்றால் அதே 289, நான்கு துளை கார்புரேட்டரோடு 225. கே என்றால் 271 குதிரைத்திறன் கொண்ட அரிய எஞ்சின்.

6 சிலிண்டராகப் பிறந்து பிறகு வி8 ஏற்றப்பட்ட வண்டிகள் நிறைய உண்டு. சக்கர நட்டுகளை எண்ணினாலே பிடிபடும்: 6 சிலிண்டர் வண்டிக்குச் சக்கரத்துக்கு 4 நட்டு, வி8 வண்டிக்கு 5. எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு பிரேக்கையும் பின் ஆக்சிலையும் அப்படியே விட்டிருந்தால், அதிக வேகத்துக்குச் சிறிய பிரேக் என்று அர்த்தம்.

பாகங்களின் மேல் உள்ள எண்ணையும் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். ஃபோர்டு எண்ணில் 'சி' என்பது 1960கள், அடுத்த இலக்கம் வருஷம், அதற்கடுத்த எழுத்து வண்டி வரிசை. மஸ்டாங்குக்கு அந்த எழுத்து 'இசட்'. ஆகவே 'சி5இசட்' என்று தொடங்கும் பாகம் 1965 மஸ்டாங்குக்காக வரைந்தது. பழைய பாகச் சந்தையில் விற்பவர் சொல்லும் கதையைவிட இந்த மூன்று எழுத்து நம்பகமானது. 1967 முதல் வந்த ஃபோர்டு வண்டிகளுக்கு, எப்படித் தயாரானது என்று தொழிற்சாலைப் பதிவுகளிலிருந்து எடுத்துச் சொல்லும் மார்ட்டி அறிக்கை வாங்கலாம். 1965, 66-க்கு அந்த வசதி இல்லை. இரும்பில் அடித்த எண்தான் ஆதாரம்.

படி 2: துருவைத் தேடுங்கள்

இந்த வண்டிக்குத் தனி அடிச்சட்டம் (சேஸி) கிடையாது. தகரங்களை ஒன்றோடொன்று வெல்டிங் செய்து உருவான கூடுதான் பாரம் தாங்குகிறது. தகரம் போனால் எலும்பே போனது போல. எனவே பளபளக்கும் பெயிண்டைப் பார்க்காதீர்கள். ஒரு காந்தம், கூரான ஸ்க்ரூடிரைவர், டார்ச், ஒரு வாளி தண்ணீர் இவற்றோடு போங்கள்.

தண்ணீர் எதற்கு? முன்கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவே துளையிட்ட தகரம் ஒன்று இருக்கிறது. கவுல் என்பார்கள். உள்ளே காற்று வருவதற்கான வழி அது. மழைத்தண்ணீரும் அதே வழியாக இறங்கி, இரு ஓரங்களிலும் வடிந்து வெளியேற வேண்டும். ஆனால் அறுபது வருஷமாக இலையும் மண்ணும் அங்கே விழுந்து மக்கி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். உள்ளே தொப்பி வடிவில் எழும்பி நிற்கும் இரண்டு காற்றுக்குழாய்களின் அடிப்பகுதி அரித்துப்போகும். பிறகு ஒவ்வொரு மழையும் டேஷ்போர்டுக்கு அடியில் ஒழுகி, கார்ப்பெட்டுக்குள் ஊறி, தரைத் தகரத்தை மேலிருந்து தின்னும். தரை ஓட்டையானதற்குச் சாலையைக் குற்றம் சொல்வார்கள். உண்மையில் ஓட்டை மேலே இருக்கும்.

ஒருவர் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச்சோடு படுத்துக்கொள்ள, இன்னொருவர் கவுலில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றட்டும். ஒரு சொட்டு உள்ளே விழுந்தாலும் விலையில் கணிசமாகக் குறைத்துக் கேளுங்கள்.

மற்ற இடங்கள்: பேட்டரி இருக்கும் வலது முன்மூலைத் தகரம் (ஆசிட் தின்றிருக்கும்), முன் தண்டுகள் தரையோடு சேரும் இடம், கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகரம், பின்சக்கர வளைவின் கீழ்ப்பகுதி, டிக்கியின் இரு ஓரக் குழிகள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது என்று பொருள். முன் ஸ்பிரிங் தாங்கும் கோபுரங்களில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு கோபுரங்களும் நாளாவட்டத்தில் எஞ்சினை நோக்கிச் சாய்வது உண்டு. ஏற்றுமதி வண்டிகளுக்கென்று ஃபோர்டு ஒரே துண்டாகச் செய்த தாங்கு கம்பி ஒன்று இன்றும் கிடைக்கிறது. அது தன் துளைகளில் இலகுவாகப் பொருந்தாவிட்டால் கோபுரம் சாய்ந்திருக்கிறது. (இந்த ஏற்றுமதி வண்டிகள் ஜெர்மனியில் டி-5 என்ற பெயரில் விற்றன. மஸ்டாங் என்ற பெயரை அங்கே ஏற்கெனவே க்ரூப் நிறுவனம் தன் லாரிக்குப் பதிவு செய்து வைத்திருந்தது.)

மடிக்கும் கூரை வண்டி என்றால் இன்னொரு சோதனை. கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். பிறகு ஜாக்கியில் நடுப்பகுதியைத் தூக்கிவிட்டு மறுபடி மூடுங்கள். கதவு இடிக்க ஆரம்பித்தால் கூடு வளைகிறது. கூரை இல்லாத வண்டியில் அந்தக் கீழ்ப்பெட்டித் தகரம்தான் முதுகெலும்பு. அப்படிப்பட்ட வண்டி முதல்முறைக்காரருக்கு வேண்டாம்.

படி 3: முதலில் நிற்க வைக்கக் கற்றுக்கொடுங்கள்

எஞ்சின் ஓடுகிறதோ இல்லையோ, பிரேக் வேலையில் தொடங்குங்கள். கராஜுக்குள் தள்ளும்போதுகூட நிற்க வேண்டும் அல்லவா.

அன்றைய நான்கு சக்கர டிரம் பிரேக்கில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை. எங்கே ஒரு குழாய் வெடித்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. 1967 மாடலில்தான் ஃபோர்டு மஸ்டாங்குக்கு இரட்டை அறை கொடுத்தது. அசல் நிலையைக் காப்பாற்ற வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களை மதிக்கிறேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அசலை விட்டுவிடுங்கள். இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரைப் போடுங்கள். முன்பக்க டிஸ்க் பிரேக் அன்றைக்கே கூடுதல் விலைக்குக் கிடைத்தது. வசதியிருந்தால் அதுவும் நல்லது.

பழைய பிரேக் ஷூவிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடக் கூடாது. பிரேக் கிளீனரால் நனைத்து, துணியால் துடைத்து, பையில் கட்டிப் போடுங்கள். அதன்பின் வேலை இப்படிப் போகும்:

1. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுங்கள். மறுபக்கம் உங்களுக்கு மாதிரியாக இருக்கும்.
2. லைனிங் குட்டையான ஷூ வண்டியின் முன்பக்கம், நீளமானது பின்பக்கம். மாற்றிப் போட்டால் பிரேக் பிடிப்பது போலவே இருக்கும், ஆனால் வலு இருக்காது.
3. தானாக அட்ஜஸ்ட் ஆகும் நட்சத்திர ஸ்க்ரூவின் மரை இடது பக்கத்துக்கு ஒரு விதம், வலதுக்கு எதிர் விதம். மாற்றிப் போட்டால் ஒவ்வொரு முறையும் இறுகுவதற்குப் பதில் தளரும்.
4. வீல் சிலிண்டர், மூன்று ரப்பர் ஹோஸ், எல்லா இரும்புக் குழாய்களையும் புதிதாகப் போடுங்கள். குழாய் முனையை இரட்டை மடிப்பாக விரிக்க வேண்டும். ஒற்றை மடிப்பு பிளந்துவிடும்.
5. மாஸ்டர் சிலிண்டரை மேஜையில் வைத்தே காற்றெடுத்துவிட்டு வண்டியில் பொருத்துங்கள். பிறகு சக்கரங்களில் தூரமானதிலிருந்து கிட்டத்ததுக்கு வாருங்கள்.

படி 4: கவுலும் தரையும்

முழு வேலையில் கடினமான பகுதி இதுதான். பலர் பிளாஸ்டிக் தொப்பியும் சீலண்டும் உள்ளேயிருந்து ஒட்டிச் சமாளிப்பார்கள். ஒரு பருவத்துக்குத் தாங்கும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் மேல் தகரத்தைப் பிரித்தே ஆக வேண்டும்.

மட்கார்டுகள், பானட், முன்கண்ணாடி, வைப்பர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கவுல் தகரத்தின் ஓரமெல்லாம் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். வட்ட வட்டமாக ஸ்பாட் வெல்டிங் தெரியும். அதற்கென்று 8 மில்லிமீட்டர் கட்டர் இருக்கிறது. மேல் தகரத்தை மட்டும் வெட்டி, கீழ்த் தகரத்தைத் தொடாமல் நிறுத்த வேண்டும். பொறுமை மட்டுமே கருவி. பிரித்ததும் உள்ளே அரித்த இடத்தை வெட்டியெடுத்து, புதுத் தொப்பிப் பகுதியை வெல்டிங் செய்து, எப்பாக்ஸி பிரைமர் அடித்து, இணைப்புகளில் சீலர் தடவி, மூடுவதற்கு முன் மறுபடி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மூடிய பிறகு பார்த்துப் பயனில்லை.

தரைத் தகரம் முழு நீளத் துண்டாகக் கிடைக்கிறது. வெட்டுவதற்கு முன் வண்டியைச் சமதளத்தில் ஸ்டாண்டுகளில் நிறுத்தி, கதவு நிலைகளுக்கு நடுவே குறுக்குக் கம்பி வெல்டிங் செய்து கூட்டைக் கட்டிப்போடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டாதீர்கள். மிக் வெல்டரில் 0.6 மில்லிமீட்டர் கம்பி போதும். தொடர் கோடாக ஓட்டினால் சூட்டில் தகரம் நெளியும். இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி இன்னொரு பொட்டு என்று வைத்து, ஆறவிட்டு, நடுவை நிரப்புங்கள். ஒன்றன்மேல் ஒன்று படியும் தகரங்களுக்கு நடுவே வெல்டிங் தாங்கும் பிரைமர் அடிக்காவிட்டால் புதுத் துருவுக்கு நீங்களே இடம் கொடுத்தது ஆகும்.

டிக்கித் தரையின் பெரும்பகுதி பெட்ரோல் டேங்கின் மேல்தகரம்தான் என்பது பலரை அதிரவைக்கும். சுமார் 60 லிட்டர் பெட்ரோலுக்கும் பின்சீட்டில் உட்காருபவருக்கும் நடுவே சீட்டும் ஒரு அட்டையும் மட்டுமே உண்டு. அந்த இடத்தில் ஒரு இரும்புத் தடுப்புத் தகரம் வைப்பது மலிவான வேலை. குழந்தைகளை ஏற்றப்போகிறீர்கள் என்றால் தவிர்க்காதீர்கள். வெல்டிங் தொடங்கும் முன் டேங்கைக் கழற்றி வெளியே வைக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

படி 5: எஞ்சின்

பல வருஷம் நின்ற எஞ்சினுக்கு நேராகச் சாவி போடக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவிட்டு, நீளமான கைப்பிடியால் கிராங்க் போல்ட்டைக் கையாலேயே சுற்றிப் பாருங்கள். சுற்றினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பாருங்கள். எட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் எஞ்சினைப் பிரிக்காதீர்கள். கேஸ்கெட், சீல், வாட்டர் பம்ப் மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

பிரிக்க வேண்டியிருந்தால், 289-ன் சிலிண்டர் துளை (போர்) 4.00 அங்குலம். 0.030 அங்குலம் பெரிதாக்கிப் போர் போடுவது வழக்கம். 0.060-க்கு மேல் போனால் சுவர் மெலிந்து சூடாகும். பழைய டைமிங் கியரின் பற்களில் நைலான் இருக்கும். அது உடைந்து ஆயில் சம்ப்பில் விழுந்து பம்ப்பின் வடிகட்டியை அடைக்கும். முழு இரும்பு செட்டாக மாற்றிவிடுங்கள். பின்பக்க மெயின் பேரிங் மூடியில் பழைய கயிறு சீலைப் பிடிக்க ஒரு சிறிய ஊசி உண்டு. புது ரப்பர் சீல் போடும்போது அந்த ஊசியை எடுக்க மறந்தால் எண்ணெய் ஒழுகும், மறுபடி எஞ்சினை இறக்க வேண்டிவரும்.

இறுக்க வேண்டிய அளவு: சிலிண்டர் ஹெட் போல்ட் 65–72 அடி-பவுண்டு, மெயின் பேரிங் 60–70, சாதாரண 289-ன் கனெக்டிங் ராட் நட்டு 19–24. மூன்று தவணையில், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஹெட்டை இறுக்குங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கு 1996-லிருந்து தடை. வால்வு சீட்டைத் தேயாமல் காத்த ஈயம் இனி இல்லை, ஆகவே ஹெட் வேலைக்குப் போகும்போதே கடினமான எக்ஸாஸ்ட் வால்வு சீட் போடச் சொல்லுங்கள். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் ஹோஸ் இளகிவிடும். அதையும் மாற்றுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, அந்தத் துளை வழியாக கால் அங்குல அறுகோணக் கம்பியை டிரில்லில் மாட்டி ஆயில் பம்ப்பைச் சுற்றுங்கள். எதிர்க் கடிகாரத் திசையில். ராக்கரில் எண்ணெய் எட்டிப்பார்க்கும்வரை விடாதீர்கள். ஃபயரிங் ஆர்டர் 1-5-4-2-6-3-7-8. சி.பி. பாயிண்ட் இடைவெளி 0.017 அங்குலம், பிளக் 0.034. புது கேம்ஷாஃப்ட் போட்டிருந்தால் எஞ்சின் பிடித்த உடனேயே நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு ஏற்றி 20 நிமிடம் வைத்திருக்க வேண்டும். ஐடிலில் விட்டால் கேமும் டாப்பெட்டும் ஒன்றையொன்று தேய்த்துவிடும். எண்ணெயிலும் துத்தநாகச் சேர்க்கை அதிகமுள்ள, இந்த வேலைக்கென்றே விற்பதை வாங்குங்கள்.

படி 6: முன் சஸ்பென்ஷனும் வயரிங்கும்

முன் ஸ்பிரிங் மேல்கையின் மீது, கோபுரத்துக்குள் அழுத்தி உட்கார்ந்திருக்கிறது. அது தெறித்தால் உயிர் போகும். ஷாக் அப்சார்பரை எடுத்துவிட்டு உள்ளே நுழையும் வகை ஸ்பிரிங் கம்ப்ரஸரை (ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி) வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். வேறு வகை வேண்டாம். மேல்கையைப் பிரித்திருக்கும்போதே, அதன் துளைகளை ஒரு அங்குலம் கீழே இறக்கிப் போடலாம். கேரல் ஷெல்பி 1965 ஜி.டி.350-ல் செய்த மாற்றம் இது. செலவு ஒரு டிரில் பிட், வளைவில் வண்டி வேறு வண்டியாகிவிடும். ரப்பர் புஷ்களின் நட்டை வண்டி தரையில் தன் எடையில் நிற்கும்போது மட்டும் இறுக்குங்கள்.

வயரிங்கில் பாதிப் புகார் எர்த் சரியில்லாததால் வருவது. எஞ்சினிலிருந்து உடலுக்குப் போகும் பட்டையைப் புதிதாகப் போட்டாலே பல மர்மங்கள் தீரும். பெட்ரோல் மீட்டரும் டெம்பரேச்சர் மீட்டரும் ஒன்றாகத் தப்புக் காட்டினால் இரண்டையும் மாற்றாதீர்கள். மீட்டர்களுக்குப் பின்னால் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு சிறிய டப்பா இருக்கிறது, அதுதான் குற்றவாளி. சோதிப்பதற்காக மீட்டருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் அது எரிந்துபோகும்.

படி 7: பெயிண்ட்

இவ்வளவு நாள் அழுக்காகவே வண்டியை உருட்டியும் எஞ்சினை ஓடவிட்டும் பார்த்ததன் பலன் இப்போது கிடைக்கும். எங்கே ஒழுகுகிறது, எங்கே உரசுகிறது என்று தெரிந்து சரிசெய்த பிறகே அடிக்கிறீர்கள்.

பழைய பெயிண்டிலும், தொழிற்சாலையில் இணைப்புகளை நிரப்பிய இடத்திலும் ஈயம் இருக்கும். உலர்வாகத் தேய்க்கும்போது பி100 வடிகட்டி முகமூடி அவசியம். மணல் அடிப்பதை அடித்தண்டுகளோடு நிறுத்துங்கள். பானட், கூரை போன்ற அகலத் தகரத்தில் அடித்தால் நெளிந்துவிடும். தகரம் வெளிப்பட்ட அன்றே எப்பாக்ஸி பிரைமர். பட்டி 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டியிருந்தால் டிங்கர் வேலை முடியவில்லை என்று அர்த்தம், சுத்தியலை எடுங்கள். கதவு, பானட், டிக்கி இடைவெளிகளையெல்லாம் பெயிண்டுக்கு முன்பே பொருத்திச் சரிபார்த்து, பிறகு கழற்றுங்கள்.

தேய்ப்பது 180 எண் உப்புத்தாளில் தொடங்கி 320, பிறகு 600. மெல்லிய கறுப்புப் பூச்சைத் தூவிவிட்டு நீளக் கட்டையால் தேய்த்தால் பள்ளங்கள் கறுப்பாகவே நிற்கும். ஹார்டனர் கலந்த பெயிண்டின் ஆவி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது. வெளிக்காற்று குழாயில் வரும் முகமூடி இல்லாவிட்டால் அந்த ஒரு வேலையைப் பெயிண்ட் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். கதவுத் தகட்டில் நிறக் குறியீடு 'எம்' என்றால் விம்பிள்டன் ஒயிட், 'ஜே' என்றால் ரங்கூன் ரெட். அசல் நிறத்துக்கே திரும்புவது விற்கும்போது உதவும், உங்களுக்கு நீலம்தான் பிடிக்கும் என்றால் நீலம் அடியுங்கள்.

படி 8: சாலைக்கு

ரேடியல் டயர் மாட்டியிருந்தால், அலைன்மெண்ட் கடைக்காரர் 1965 புத்தகத்தின் அளவை வைக்க விடாதீர்கள். அது அன்றைய டயருக்கானது. கேஸ்டரை (முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) இன்னும் கொஞ்சம் பாசிட்டிவ்வாக வைக்கச் சொல்லுங்கள், நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் அலையாது. முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி மட்டும், பின்னால் இன்னொரு வண்டியோடு, தீயணைப்பான் சீட்டுக்குப் பக்கத்தில். திரும்பி வந்ததும் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கி, பிரேக் குழாய் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் காகிதத் துண்டால் தொட்டுப் பாருங்கள். புது கேம் போட்ட எஞ்சினுக்கு முதல் எண்ணெயை அந்த 20 நிமிட ஓட்டம் முடிந்ததுமே மாற்றிவிட்டு, அடுத்ததை 500 மைலில் மாற்றுங்கள். ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளில் இரும்புத்தூள் மின்னுகிறதா என்று பார்த்த பிறகு தூரப் பயணத்துக்குத் தேதி குறிக்கலாம்.